அறிவிக்க ஏதும் உண்டா

ஃப்ரெடெரிக்ஸ்ஹாவன் துறைமுகத்தில்
முப்பத்தொரு வருடம் சுங்க அதிகாரி.
கோதன்பர்க் கப்பலில் வந்திறங்கும் எவரையும்
ஒரே கேள்வியால் நிறுத்தியவர்:
அறிவிக்க ஏதும் உண்டா?

இப்போது ஏழாம் எண் அறை. கெர்டா விண்டர்.
தட்டு கொண்டு போனாலும் கேட்பார்,
போர்வை மாற்றப் போனாலும் கேட்பார்.
நான் சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டுவேன்.
பேனா, இருமல் மிட்டாய், வீட்டுச் சாவி.
போகலாம், என்பார்.

அக்டோபரில் அடிக்க ஆரம்பித்தார்.
குளிப்பாட்டும் நேரம் மட்டும்; அதிலும்
இடப்பக்கம் திருப்பும்போது மட்டும்.
கலவரம் என்று பதிவேட்டில் எழுதினோம்.
மூன்று ஷிஃப்ட், மூன்று கையெழுத்து, ஒரே சொல்.
இடுப்பு என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கே வலிக்கிறது என்று கேட்டால்
கப்பல் தாமதம் என்றார்.
வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் கேட்டால்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பத்து வரை பிசகாமல் எண்ணி முடித்து
அடுத்து என்ன என்பதுபோலப் பார்த்தார்.

பிறகுதான் புருவத்தைப் படிக்கக் கற்றோம்,
மூச்சு எங்கே இடறுகிறது என்பதை,
கட்டில் கம்பியைப் பற்றிய விரல்கள் வெளுப்பதை.
பாரசிட்டமால் போதவில்லை.
டாக்டர் மருந்துப் பட்டை எழுதினார்,
அபின் வம்சத்தில் பிறந்தது,
தீப்பெட்டி அகலம், தோல் நிறம், வாரத்துக்கு ஒன்று.
கை எட்டினால் பிய்த்துவிடுவார் என்று
முதுகில், தோள்பட்டைக்குக் கீழே ஒட்டினேன்.
தன்மேல் என்ன இருக்கிறது என்று
அவருக்கே தெரியாத சரக்கு.

அடி நின்றது.
இடப்பக்கம் திருப்பினேன், திரும்பினார்.
ஓல்போர்கிலிருந்து மகன் வந்தான்.
அம்மா எவ்வளவு அமைதி என்று
என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.
அவன் தந்த சாக்லேட் பெட்டியை
ஓய்வறையில் பிரித்துத் தின்றோம்.

மூன்றாம் வாரம்
தட்டோடு உள்ளே போய் வெறுங்கையோடு வெளியே வந்தபோது
உறைத்தது: என்னை எவரும் சோதிக்கவில்லை.
திரும்பிப் போனேன்.
கேட்காமலே பைகளை இழுத்துவிட்டு நின்றேன்.
அவர் பார்வை என்னைத் துளைத்துக்கொண்டு
கடல் இல்லாத திசைக்குப் போயிற்று.
சூப் வாயோரம் தேங்கியிருந்தது.

அடங்கியது வலியா, அவரா?
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
இரவில் நாங்கள் இரண்டு பேர், முப்பத்துநான்கு கட்டில்.
அந்த அமைதி எங்களுக்கும் வேண்டித்தான் இருந்தது.
இதை நான் அறிவிக்கிறேன்.

டாக்டர் வெகுநேரம் பேசவில்லை.
எடுத்தால் வலி திரும்பும், என்றார்.
இப்படியே விட்டால் ஒருநாள் விழுவார், என்றார்.
பாதி அளவு என்று எழுதிவிட்டு
அந்தப் பாதியையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
பழைய பட்டையை உரித்து
பசையோடு பசை சேர மடித்தேன்.
தோலில் ஒரு சதுரம் சிவந்திருந்தது,
யாரோ முத்திரை குத்தி அனுப்பிய மாதிரி.

குளியலுக்கு முன்பே மாத்திரை,
வெந்நீரில் முக்கிய துவாலை,
திருப்ப இரண்டு பேர், அவசரமில்லாமல்.
இதெல்லாம் சொல்லத்தான் எளிது.
எட்டாம் நாள் விடிகாலை நாலரை மணிக்கு
மற்றவள் பத்தொன்பதாம் அறைக்கு ஓடியிருந்தாள்,
நான் தனியாகத் திருப்பினேன்.

மணிக்கட்டில் கடித்தார்.
பல்செட் டம்ளரில் கிடந்தது, வெறும் ஈறுதான்.
ஆனாலும் கடி.
பிறகு நெற்றியைச் சுருக்கி
பழைய குரலின் அடிவண்டலிலிருந்து:
அறிவிக்க ஏதும் உண்டா?

பைகளை இழுத்தேன்.
பேனா. மிட்டாய். சாவி.
போகலாம் என்று அவர் சொல்லவில்லை.
இடது இடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
நான் இன்னும் எடுத்துக் காட்டாத எதற்காகவோ
காத்திருந்தார்.